சன்ரூஃபைக் கையால் மூட ஒரு வழி வையுங்கள்

கார் நிறுவனங்களில் கூரையை வடிவமைப்பவர்களுக்கும் உதிரிபாகப் பிரிவில் முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூரையில் திறந்து மூடும் கண்ணாடியான சன்ரூஃபை மூடலாம் என்று பட்டனை அழுத்தினேன். கண்ணாடி பாதி தூரம் வந்தது, 'டக்' என்று ஒரு சத்தம், நான்கு விரற்கடை திறந்தபடியே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, கண்ணாடி நகரவில்லை. இடது ஓரம் முன்னேயும் வலது ஓரம் பின்னேயுமாகக் கோணலாக மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்சீட்டில் தூறல் விழ ஆரம்பித்ததும் காரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவரை மழையை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை.

பழைய கார்கள் பலவற்றில் இதற்கு வழி இருந்தது. உள்விளக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் மோட்டாரின் நுனியில் ஆறுபக்கக் குழி. ஆலன் கீயை, அதாவது ஆறுபக்கச் சாவியை, செருகித் திருகத் திருகக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மூடிக்கொள்ளும். மோட்டார் எரிந்தாலும் ஃபியூஸ் போனாலும் மழைக்கு முன்னால் கூரையை அடைத்துவிடலாம். இப்போது வருகிற பல கார்களில் அந்தக் குழி இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அன்று ராத்திரி தார்ப்பாய் போட்டுச் சமாளித்தேன். மறுநாள் காலை நானே பிரித்தேன். கூரை ஓரத்தில் ஏர்பேக் மடித்து வைத்திருப்பதால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தேன். உள்விளக்குப் பெட்டியை எடுத்தால் பின்னால் மோட்டார், மூன்றே ஸ்குரூ. மோட்டார் கையோடு வந்த பிறகுதான் அந்த அமைப்பின் அழகு புரிந்தது. நடுவில் ஒரு சிறு பல்சக்கரம், அதன் இரண்டு பக்கமும் இரண்டு கேபிள்கள். எஃகுக் கம்பி மேல் இன்னொரு கம்பியைத் திருகாணி மரை மாதிரி இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கிறீர்கள். அந்த இடைவெளியில்தான் பல் கடிக்கிறது. ஒரே சுற்றில் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகரும். ஒரு பக்கம் தடைபட்டுப் பல் தாண்டிவிட்டால் கண்ணாடி கோணிக்கொள்ளும். என் காரில் நடந்தது அதுதான்.

மோட்டார் பிடி விட்டதும் கேபிள்கள் தளர்ந்துவிட்டன. ஆளுக்கு ஒரு பக்கமாக நானும் என் தம்பியும் உள்ளங்கையை வைத்து மெதுவாக, சமமாகத் தள்ளினோம். கண்ணாடி நேராகி மூடிக்கொண்டது. ஒரு பக்கத்தை மட்டும் இழுத்திருந்தால் கண்ணாடியைத் தூக்கிவிடும் கை போன்ற பாகம் வளைந்திருக்கும். கையேட்டில் அரைப் பக்கம் ஒதுக்கினால் இதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம்.

அப்புறம் காரணத்தைத் தேடினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் தடத்தில் கிரீஸும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. அதில் முட்டி முட்டி, தடத்தில் வழுக்கி ஓட வேண்டிய பிளாஸ்டிக் துண்டின் ஒரு காது ஒடிந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைக் கொண்டுபோய் உதிரிபாகக் கவுன்டரில் காட்டினேன். அது மட்டும் தனியாக வராது, தடம், கேபிள், சட்டம் எல்லாம் சேர்ந்த முழு செட்டாகத்தான் வரும் என்றார்கள். கவுன்டரில் இருந்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரிடம் இருக்கும் பட்டியல் அப்படி. முழு சட்டத்தை மாற்றுவதென்றால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் காதுக்காக இவ்வளவா? கடைசியில், உடைப்புக்கு வந்திருந்த இதே மாடல் கார் ஒன்றிலிருந்து அந்தத் துண்டு கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது. தயவுசெய்து அந்தத் துண்டுகளைத் தனியாக விற்கத் தொடங்குங்கள்.

தடத்தைத் துடைத்து, புதிதாக சிலிக்கோன் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் பட்டன் சரியாக வேலை செய்யவில்லை. மூடின இடம் எது, திறந்த இடம் எது என்று மோட்டாருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டுமாம். பட்டனைக் குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடிப்பதுதான் வேலை, ஆனால் அது மாடலுக்கு மாடல் மாறும். என் கையேட்டில் இல்லை, தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான் சொன்னார். விரல் சிக்கினால் தானாகப் பின்வாங்கும் பாதுகாப்பு, பல கார்களில் அந்த நேரத்தில் வேலை செய்யாது. ஆகவே இது தெரிந்தவர் வாய்மொழியாகச் சொல்லிப் பரவ வேண்டிய விஷயம் இல்லை. எச்சரிக்கையோடு நீங்களே அச்சிட வேண்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டே, பழுதுபார்ப்புத் தகவல்கள் கார் உரிமையாளர்களுக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். சட்டம் வரட்டும் என்று மற்ற இடங்களில் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் மொத்தத் தண்ணீரையும் தடுப்பதில்லை. கசிகிற தண்ணீரை ஒரு கால்வாய் பிடித்து, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகக் கார்த் தூண்களுக்குள் இறக்கிவிடுகிறது. குழாய் இலையாலும் மண்ணாலும் அடைத்தால் தண்ணீர் தரைவிரிப்புக்கு வந்துவிடும். காரை வாங்குகிற எத்தனை பேருக்கு இப்படி ஒரு குழாய் இருப்பது தெரியும்? தடத்தைத் துடைப்பதையும் குழாயைப் பார்ப்பதையும் சர்வீஸ் அட்டவணையில் எண்ணெய் மாற்றுவதற்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தடம் சுத்தமாக இருந்திருந்தால் என் காரில் அந்தக் காது ஒடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒடிந்த துண்டை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். காது எந்த இடத்தில் மெலிந்து விட்டுப்போயிருக்கிறது என்று உங்கள் வடிவமைப்பாளர்களே கையில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்