சிறு வியாபாரப் பதிவு எழுதும் பயிற்சி

வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பாளர்களுக்கு வணக்கம். வீட்டிலிருந்தபடி சமையல், தையல், கேக் என வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் தங்கள் பொருள்களைப் பற்றி இணையத்தில் எழுதி வெளியிடப் பழகுவதற்காக, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பி.ப. 4 மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் கூடவுள்ளோம்.

1. ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரிகள் எழுதி வாருங்கள். விலை, ஓடர் ஏற்கும் நேரம், விநியோகிக்கும் இடங்கள் ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்னும் பதிவைப் பார்ப்பவர்களுள் பலர் கேட்காமலே கடந்துவிடுகிறார்கள் (நானும்தான்).
2. பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்த படம் போதும்.
3. கூகுள் வரைபடத்தில் வியாபாரத்தைப் பதிவதற்குக் கூகுள் கட்டணம் அறவிடுவதில்லை என்பதால், அதற்காக எவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வரவிரும்புவோர் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு முன்னர் பெயரையும் வியாபாரத்தையும் இங்கே பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

– நிர்வாகக் குழு