மேதர் முகாமில் உதவிய பெரியவருக்கு நன்றி

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில், மேதர் முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. நாங்கள் தங்குவதற்காக டிரக்கில் இழுத்துவந்த டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அதன் மூலைகளில் உள்ள ஜாக்கிகளைத் திருகியே நிமிர்த்தப் பார்த்தேன். பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு-அவுட் பாதியில் இறுகிவிட்டது.

பக்கத்தில் தங்கியிருந்த நீங்கள் ஓடி வந்து அதை உள்ளே இழுக்கச் சொன்னீர்கள். அந்த ஜாக்கிகள் ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான், அவற்றால் எடையைத் தூக்கினால் டிரெய்லரின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்று பொறுமையாகப் புரியவைத்தீர்கள். உங்கள் பலகைகளையே கொடுத்து, இடப்பக்கச் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றவைத்தீர்கள். அப்புறம் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரக்கைக் கழற்றி, முன் ஜாக்கியால் முன்பின் மட்டம். ரசமட்டக் குமிழ் நடுவில் நின்ற பிறகே மூலை ஜாக்கிகளை இறக்கினோம். ஸ்லைடு-அவுட் தடையில்லாமல் வெளியே வந்தது.

காலையில் நன்றி சொல்ல வந்தேன், நீங்கள் கிளம்பியிருந்தீர்கள். குழந்தைகள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்கள், ஐயா. மனமார்ந்த நன்றி.