வெண்ணமடைக்குளத்து அண்ணாச்சிக்கு நன்றி

குற்றாலம் ஐந்தருவிச் சாலையில், வெண்ணமடைக்குளம் படகுக் குழாமில், சாரல் சீசனில் சொந்தபந்தம் முழுக்க வந்திருந்த எங்களுக்குக் கைகொடுத்த, பெயர் கேட்க விட்டுப்போன அண்ணாச்சிக்கு நன்றி.

நடுக்குளத்தில் பாசிக்கொடி சிக்கி மிதிபடகு நின்றதும் முன்பக்கமாகவே மிதித்தோம். கொடி சக்கரத்தில் இன்னும் இறுகியது. "பின்னால மிதிங்க, ரெண்டே சுத்து!" கரையிலிருந்து கத்தினார். கொடி தளர்ந்தது. மிச்சத்தைக் கையால் உருவ ஒருவர் குனிந்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் அசையாமல் உட்காரணும்; எழுந்தால் படகு சாயும்.

அவர் சொன்ன இன்னொன்று: பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிசு, மாற்றியே ஆகணும்.

புளியோதரைப் பொட்டலத்தோடு தேடினோம், ஆளைக் காணோம். பாதியைக் குரங்கு பிடுங்கிவிட்டது, அண்ணாச்சி.