அது ரீமாஸ்டர் இல்லீங்க, ரீமிக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இசைப் பக்கத்துல, ஜெத்ரோ டல்ங்கிற இங்கிலாந்து பேண்ட் 1971-ல போட்ட அக்வாலங் ஆல்பத்தோட 40-வது ஆண்டு பதிப்பைப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ப்ராக் ராக்குக்கு, அதான் நீளமா சிக்கலா போற ராக் இசை வகைக்கு, நம்ம பேப்பர்ல அரைப்பக்கம் ஒதுக்கினதுக்கே ஒரு கும்பிடு போடணும், ஆனா "பாடகர் ஜெத்ரோ டல்"னு ஒரு வரி பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியல. ஜெத்ரோ டல் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல விதை விதைக்கிற கருவி செஞ்சதுக்காக பேர் வாங்கின மனுஷன், அந்தப் பேரை பேண்டுக்கு வச்சுக்கிட்டாங்க, பாடுறதும் புல்லாங்குழல் வாசிக்கிறதும் இயன் ஆண்டர்சன்.

சரி அதை விடுங்க. 2011-ல வந்ததை கட்டுரை முழுக்க "ரீமாஸ்டர்"னே எழுதியிருக்கீங்க, அதுதான் என்னை எழுத வச்சது. ரீமாஸ்டர்னா ஏற்கனவே கலந்து முடிச்ச பதிவோட ஒலியை மட்டும் மெருகேத்துறது, கட்டி முடிச்ச வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் இந்தப் பதிப்புக்குப் பண்ணது ரீமிக்ஸ், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா பதிவான மல்டிட்ராக் டேப்பை எடுத்து குரல் தனியா கிடார் தனியா டிரம்ஸ் தனியா வச்சுக்கிட்டு முதல்லேருந்து திரும்ப கட்டினது. பழைய ஆல்பத்துல கை வைக்கிறதே எனக்குப் பிடிக்காது, ஆனா இந்த ஒண்ணுல மட்டும் ஒத்துக்கிறேன், ஏன்னா 1971 ஒரிஜினல் சவுண்டே சுமார்தான். லண்டன்ல ஒரு பழைய சர்ச்சை ஸ்டூடியோவா மாத்தியிருந்தாங்க, அப்பதான் புதுசா திறந்தது, அந்தப் பெரிய கூடத்துல பதிவு பண்ண பட்ட பாட்டை ஆண்டர்சனே பல தடவை புலம்பியிருக்கார். என் பழைய கேசட்ல கிளைவ் பங்கரோட டிரம்ஸ் பக்கத்து ரூம்ல யாரோ பாய் உதறுற மாதிரி கேக்கும். புது மிக்ஸ்ல ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுது, ஆரம்பத்துல வர்ற அந்த ஆறு நோட்டு கிடார் அடங்கினதும் அக்கூஸ்டிக் கிடாரோட டெலிபோன்ல பேசுற மாதிரி ஒரு குரல் வரும் பாருங்க, அது இப்பதான் நிஜமா காதுக்குள்ள வந்து பேசுது.

எக்ஸ்ட்ரா டிஸ்க்கை ஒரே வரியில முடிச்சுட்டீங்களே, அது அநியாயம். வழக்கமா இந்த மாதிரி பதிப்புல ஒரே பாட்டை மூணு தடவ போட்டு பக்கத்தை ரொப்புவாங்க, இதுலயும் அந்த ரகம் இருக்கு, இல்லைங்கல. ஆனா ஆல்பத்துல வொண்டரிங் அலவுட்னு ரெண்டு நிமிஷம் கூட ஓடாத ஒரு குட்டி காதல் பாட்டு இருக்கே, படுக்கையில ரொட்டித் துணுக்கு சிந்துற அளவு சின்ன சந்தோஷம், அது உண்மையில சுமார் ஏழு நிமிஷப் பாட்டோட தலைப்பகுதி மட்டும்தான். மீதியை வெட்டி தனிப் பாட்டா 1972-ல வேற தொகுப்புல போட்டாங்க. இந்தப் பதிப்புலதான் வெட்டாம முழுசா இருக்கு, அந்தக் காலை வெயில் அப்படியே நகர்ந்து செத்த கடல், பெருகுற ஜனத்தொகைன்னு இருட்டுல போய் நிக்குது. கேட்டதும் எதுக்குய்யா வெட்டினீங்கன்னு கோவம் வந்துச்சு, நாலு தடவ கேட்டப்புறம் வெட்டினது சரிதான்னும் தோணுது, அந்தச் சின்னப் பாட்டுக்கு அவ்வளவு பாரம் தாங்காது. இப்படி ரெண்டு பக்கமும் யோசிக்க விடுதே, அதுக்கே காசு குடுக்கலாம்.

இன்னொண்ணு, "கான்செப்ட் ஆல்பம்"னும், அதாவது எல்லாப் பாட்டும் ஒரே கருவைச் சுத்தி வர்ற ஆல்பம்னும், எழுதியிருக்கீங்க. ஆண்டர்சன் இல்ல இல்லன்னு இத்தனை வருஷமா கத்திக்கிட்டே இருக்கார், யாரும் கேக்கறதில்ல, நீங்களுமா சார்?

கட்டுரை எழுதினவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. அதே சர்ச் ஸ்டூடியோ கட்டடத்துல அப்ப லெட் செப்பலின் பேண்டும் பதிவு பண்ணிட்டு இருந்தாங்க, தலைப்புப் பாட்டுக்கு ஜெத்ரோ டல் கிடாரிஸ்ட் மார்ட்டின் பாரே சோலோ வாசிச்சுட்டு இருக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செப்பலின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் வந்து கை ஆட்டினாராம், திருப்பி கை ஆட்டினா அந்தப் பதிவே கெட்டுப் போயிடும்னு இவர் வாசிச்சுக்கிட்டே இருந்தாராம், பாரேவே சொன்ன கதை. ஹெட்போன் மாட்டி புது மிக்ஸ்ல அந்த சோலோவ மட்டும் ஒரு தடவ கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய கேசட் பிரியன்