கோச் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையிலான இந்த வருடக் கூடைப்பந்துப் போட்டிகள் முடிந்துவிட்டன. நம் அணி அரையிறுதி வரை போனது. "பழைய கேப்டன் கோச்சாக வந்தார், டீம் நிமிர்ந்துவிட்டது" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தப் பழைய கேப்டன் நான்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் பல பேரைக் காணோம். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பழைய கோச். பொறுப்பேற்கச் சொன்னதும் அவரைத்தான் போய்ப் பார்த்தேன். வாழ்த்துவார் என்று நினைத்தால், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பேட்ரிக் யூயிங் கதையை எடுத்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1984-ல் தேசியப் பட்டம் வென்றபோது அணியின் தூணாக இருந்த யூயிங், 2017-ல் அங்கேயே கோச்சாகத் திரும்பினார். 2021-ல், அந்தப் பல்கலைக்கழகம் ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கின் கோப்பை கிடைத்தது. அடுத்த சீசனில் அதே பிக் ஈஸ்ட்டில் ஆடிய 19 லீக் ஆட்டங்களிலும் தோல்வி. 2023-ல் வேலையே போனது. "ஏழடி ஆளுக்கே அந்தக் கதி. நீ அன்றைக்குப் போட்ட பாயின்ட் எதுவும் இன்றைக்கு ஸ்கோர் போர்டில் ஏறாதுப்பா" என்றார்.

அதன் பிறகு பயிற்சி நேரத்தில் அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பையன்கள் இரண்டு முகத்தைப் பார்த்து ஆடக் கூடாதாம். ஆனால் இரவில் போன் வரும், கேள்வியோடு. "அந்த இடது கைப் பையன் லே-அப்புக்கு எந்தக் காலில் எழும்புகிறான்?" லே-அப் என்றால் ஓடிவந்து கூடையருகே எழும்பிப் போடும் ஷாட். எனக்கு அதெல்லாம் உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. சொல்லித் தருகிற பாஷையை அந்தக் கேள்விகள்தான் எனக்குக் கொடுத்தன. நன்றி, சார்.

அப்புறம் என் செட் ஆட்டக்காரர்கள். கோர்ட்டில் இருந்தவை நாங்கள் ஆடிய காலத்துக் கோடுகள்: மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) கூடையிலிருந்து 6.25 மீட்டரில், கூடைக்குக் கீழே சரிவகக் கட்டம். சர்வதேச விதியில் 2010-லேயே கோடு 6.75-க்குத் தள்ளிப்போய், கட்டமும் செவ்வகமாகிவிட்டது. இங்கே விழுந்த ஷாட் வெளியூரில் ஏன் குறைந்து போகிறது என்று பையன்கள் குழம்பியதற்குக் காரணம் அந்த அரை மீட்டர்தான். சொன்ன ஞாயிற்றுக்கிழமையே அளவு நாடாவும் பெயின்ட்டுமாக வந்து இறங்கினார்கள். மூலைகளில் வளைவு வராது, பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடாக வரும். அந்த இடத்தில் ஒரு சண்டையே நடந்தது. கணக்கு வாத்தியாராகிவிட்ட எங்கள் பழைய சென்டர்தான் (கூடையருகே ஆடுபவர்) தீர்த்து வைத்தார். பழைய கர்வம் இன்னும் குறையவில்லை அவருக்கு.

எலெக்ட்ரானிக்ஸ் துறை மாணவர்கள் செய்து தந்த ஷாட் கிளாக்கை, அதாவது ஒரு அணி ஷாட் போட வேண்டிய 24 நொடியை எண்ணும் கடிகாரத்தை, தனியாகச் சொல்ல வேண்டும். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை ஆடுகிற அணியே பிடித்தால், கடிகாரம் 24-க்குப் போகக் கூடாது, 14 நொடிதான். இதைச் சொன்னதும் ஒரே இரவில் நிரலை மாற்றி எழுதி வந்தார்கள். கடைசி நொடிகளில் பதறாமல் ஆடும் பழக்கம் நம் அணிக்கு வந்தது அந்தப் பெட்டியால்தான்.

விடியுமுன் கேட்டைத் திறந்து, கோர்ட்டில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்ட காவலாளி அண்ணனுக்கும், லேப் வகுப்புகளை மாற்றித் தந்த பேராசிரியர்களுக்கும், சாயங்காலங்களில் நான் வீட்டில் இல்லாததைப் பொறுத்துக்கொண்ட மனைவிக்கும் நன்றி.

கடைசியாக, கேப்டன் தம்பிக்கு. டைம் அவுட் என்பதே ஒரு நிமிடம். அதில் நான் அடுக்கிக்கொண்டே போனபோது, "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதைச் செஞ்சுடறோம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். கேட்க ஒரு தைரியம் வேண்டும். அன்றிலிருந்து ஒன்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். அடுத்த சீசனில் பெண்கள் அணியும் தொடங்குகிறோம். அங்கே கோச் நாற்காலி காலியாக இருக்கிறது. இந்தக் கல்லூரிக்காக ஆடிய அக்கா தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உடற்கல்வித் துறையில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
ஆண்கள் அணியின் கோச்