வெறும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, அந்த நோயாளிகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்க்கும் ஆய்வாளரின் பணி பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். அவசியமான பணிதான், மறுக்கவில்லை. மருந்தைத் தவறாமல் எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள், ஆகவே மருந்து வேலை செய்கிறது என்று கட்டுரை தாண்டிப் போகும் இடத்தில்தான் எனக்கு இடறியது.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் க்ளோஃபிப்ரேட் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தைச் சோதித்தார்கள். 1980ல் வெளியான முடிவு இது. மாத்திரைகளில் 80 சதவீதமாவது விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15 சதவீதம். அதற்கும் குறைவாக விழுங்கியவர்களில் 24.6 சதவீதம். இத்தோடு நிறுத்தியிருந்தால் மருந்துக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை பெற்ற இன்னொரு குழுவும் இருந்தது. அதை ஒழுங்காக விழுங்கியவர்களில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், அப்படி விழுங்காதவர்களில் 28 சதவீதத்துக்கும் மேல்! வயது, ரத்த அழுத்தம் என்று 40 காரணிகளைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தபோதும் அந்த இடைவெளி மறையவில்லை, 16.4, 25.8 என்று நின்றது.

வெறும் மாத்திரையா காப்பாற்றியது? இல்லை. நேரத்துக்கு மாத்திரை போடுகிறவர் பெரும்பாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறவர், மருத்துவர் வரச்சொன்ன தேதியில் போய் நிற்கிறவர், புகையை விட்டவர், வீட்டில் கவனிக்க ஆள் உள்ளவர். உடம்பு ரொம்ப முடியாமல் போனவர்தான் மாத்திரையையும் பாதியில் விடுகிறார். இதையெல்லாம் எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையின் கதையும் இதுதான். எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல, அது இதயத்தைக் காக்கும் என்று சொல்லிவந்தன. பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களை, யாருக்கு ஹார்மோன் மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து பிரித்துச் சோதித்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியிருந்தன. முந்தைய ஆய்வுகளில் அந்த மாத்திரையை எடுத்த பெண்கள் ஏற்கெனவே வசதியும் ஆரோக்கியமும் கொண்டவர்களாக இருந்தது இந்த ஏமாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

தலைகீழாகவும் நடக்கும். "இன்சுலின் போட ஆரம்பித்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காத நிலை வந்த பிறகுதானே பலருக்கு ஊசியே வருகிறது? பழி மட்டும் ஊசிக்கு.

இன்னொன்று. ஒரு மருந்தை ஐந்து ஆண்டு எடுத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று எழுதுகிறார்கள். ஐந்து ஆண்டு எடுக்க வேண்டுமானால் ஐந்து ஆண்டு உயிரோடு இருக்க வேண்டுமே! முதல் வருடமே போய்விட்டவர் அந்தக் குழுவில் எப்படிச் சேர்வார்?

நான் முப்பது வருடம் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவன். பதிவேட்டில் ஏறுவது வாங்கிய மாத்திரை, விழுங்கிய மாத்திரை அல்ல. என் அப்பா இறந்த பிறகு அலமாரியைத் திறந்தால், பிரிக்காத ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. மாதம் தவறாமல் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். எந்த ஆய்வாளர் பார்த்தாலும் அவர் ஒழுங்காக மருந்து எடுத்தவர் என்றே கணக்கில் வந்திருப்பார்.

அதற்காகப் பதிவேட்டு ஆய்வே வீண் என்று சொல்லவில்லை. குலுக்கல் முறைச் சோதனைகளில் மிக வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் நாலைந்து நோய் உள்ளவர்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவும் அங்கே கண்ணில் படாது. அதற்கெல்லாம் பதிவேடுகள்தான் கதி. நல்ல ஆய்வாளர்களுக்கு மேலே சொன்ன குழிகளும் தெரியும். அதனால்தான் எடுத்தவரையும் எடுக்காதவரையும் ஒப்பிடாமல், ஒரே நோய்க்கு இந்த மருந்தையோ அந்த மருந்தையோ புதிதாகத் தொடங்கியவர்களை, தொடங்கிய நாளிலிருந்தே எண்ணி ஒப்பிடுகிறார்கள். உங்கள் கட்டுரையில் விடுபட்டது இந்தப் பகுதிதான். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், மீதியை வாசகர்களே யோசித்துக்கொள்வார்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். என் அப்பாவின் கணக்கில் இன்னொருவர் சேர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்