அப்பாவின் பட்டறைக்கு வந்திருக்கும் இளைய முதலாளிகளுக்கு

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் அப்பாவிடமிருந்து பட்டறையைக் கையில் வாங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய பட்டறைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதிவருகிறேன். நீங்கள் பள்ளிச் சீருடையோடு வந்து ஆபீஸ் நாற்காலியில் சுற்றி விளையாடியதைப் பார்த்தவள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் படித்தவர்கள். உழைப்புக்கும் அஞ்சுவதில்லை. ஆனால் பொறுப்புக்கு வந்த சூட்டோடு உங்களில் பலர் இரண்டாவது தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். ட்ரோன் உதிரிபாகம், சோலார், ஆன்லைன் விற்பனை, ஓர் ஆப். காலை நேரம் முழுக்க அந்த மீட்டிங்குகளுக்கே போகிறது. பட்டறைக்குள் கால் வைக்க மதியம் ஆகிறது. அளவு தவறிக் கழித்த பீஸ்களை எழுதும் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. கேட்டால், "அதெல்லாம் ரொட்டீன்தானே அக்கா, ஆட்கள் பார்த்துக்குவாங்க" என்கிறீர்கள்.

புஷ் (தண்டு சுற்ற இடையில் போடும் வளையம்) கடைந்து கொடுக்கச் சென்னையில் லேத்துக்கா பஞ்சம்? போன மாதம் வந்த அதே அளவில், சொன்ன தேதியில், இந்த மாதமும் சரக்கு வரும் என்று நம்பித்தான் உங்கள் அப்பாவுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை முழுவதும் நீங்கள் ரொட்டீன் என்று தள்ளும் வேலையில்தான் இருக்கிறது.

கணினி ஓட்டும் சிஎன்சி மெஷினில் செட்டிங் மாற்றியதும் முதல் பீஸை அளந்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகே ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒரு பீஸை எடுத்து மைக்ரோமீட்டர் வைத்து எழுத வேண்டும். ஏன்? வெட்டும் முனையான இன்செர்ட் தேயத் தேய பீஸின் வெளிவிட்டம் மெல்ல மெல்லக் கூடும். எழுதி வைத்த எண்களை வரிசையாகப் பார்த்தால், பீஸ் எல்லை தாண்டுவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். எழுதாத இடத்தில் அது தெரிவது வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைனில்தான். அப்போது ஒரு லாட், அதாவது ஒரு தடவை அனுப்பிய சரக்கு, முழுவதும் திரும்பி வரும். வண்டி வாடகை நம் தலையில். அந்தத் தொகையை நம் பில்லில் கழிக்கும் டெபிட் நோட் என் மேஜைக்கு.

வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர் கலவையான கூலன்ட்டும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பீஸோடும் சீவலோடும் கூலன்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். ஆட்கள் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எண்ணெய்ச் சத்து குறைந்துபோகும். கடல் காற்று உள்ள ஊரில் முடித்து வைத்த பீஸ் துருப்பிடிக்க அது போதும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை தினமும் யார் தருகிறார், அவர் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1998இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு அதுதான் முதல் டெமிங் பரிசு. அந்தப் பரிசுக்குப் பின்னால் உள்ள முழுத் தர மேலாண்மையில் தினசரி வேலை மேலாண்மை என்று ஒரு தூணே உண்டு: ஒவ்வொருவரின் அன்றாட வேலை எது, அதன் அளவுகோல் எது, தவறினால் அன்றே யார் என்ன செய்வது என்பது. சுந்தரம் ஃபாசனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸிடம் பலமுறை சிறந்த சப்ளையர் விருது வாங்கியதும் ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்துத்தான். ஒரு மூடி!

என் மேஜைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் நன்றாகத் தெரியும். "பேமென்ட் வரமாட்டேங்குது" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்தது: கெடு தாண்டிய பாக்கியை, வாங்கியவர் கட்டும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இவ்வளவு பலம் உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு ஆரம்பிப்பது சரக்கு ஒப்படைத்த தேதியிலிருந்து. டெலிவரி சலானில் எதிர்த்தரப்பின் சீலும் தேதியும் இல்லையென்றால் எதை வைத்துக் கேட்பது? டெம்போ டிரைவர் வாங்கி வரும் அந்தக் காகிதத்தை அன்றே ஃபைல் செய்கிற பெண்ணுக்கு உங்கள் பட்டறையில் என்ன மரியாதை இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரில் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். காப்பீட்டு சர்வேயர் வந்ததும் கேட்டது ஸ்டாக் ரிஜிஸ்டரை. அன்றன்று எழுதி, வெளியே ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் நிமிர்ந்து பேசினார்கள்.

புதிதாக எதுவும் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சார வண்டி பெருகும்போது இன்ஜின் பாகம் மட்டும் செய்யும் பட்டறைக்கு வேலை குறையும். மாறத்தான் வேண்டும், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் புது வாடிக்கையாளரின் தர ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் எதைக் கேட்பார்? அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றன என்பதற்கான காலிப்ரேஷன் சான்றிதழ், கடைசி ரிஜெக்‌ஷனுக்கு எடுத்த நடவடிக்கை, ஆபரேட்டரின் பயிற்சிப் பதிவு. பழைய வேலை ஒழுங்காக நடந்தால்தான் புது வேலைக்குக் கதவு திறக்கும். அகலக்கால் வைக்கும் முன் நிற்கும் இடம் உறுதியா என்று பாருங்கள்.

கவனத்தை எங்கே வைப்பது என்று குழப்பமாக இருந்தால் கன்சல்டன்ட்டுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். கடந்த இரண்டு வருட சேல்ஸ் ரிஜிஸ்டரை என்னைப் போன்றவர்களிடம் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம் திரும்பத் திரும்ப ஆர்டர் வருகிறது, எதில் ரிஜெக்‌ஷன் குறைவு, யார் சொன்ன நாளில் பணம் தருகிறார் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் தேறும் பாகங்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருக்கும். உங்கள் முதல் ஒரு மணி நேரம் அவற்றுக்குப் போகட்டும், ஃபோனை ஆபீசிலேயே வைத்துவிட்டு.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷினைத் துடைத்து, சுத்தம் செய்து, பொட்டு வைக்கிறோம். அன்று துடைக்கிற கைக்குத்தான் எண்ணெய்க் கசிவும் தளர்ந்த போல்ட்டும் தட்டுப்படுகின்றன. அந்தத் துடைப்பு ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் பத்து நிமிடம் நடக்கட்டும், அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். இந்த வருட இன்க்ரிமென்ட் பட்டியலில் ஸ்டோர்ஸ் அண்ணனையும், அளந்து எழுதும் பெண்ணையும், சலான் ஃபைல் செய்பவரையும் கடைசியில் போடாதீர்கள். உங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் அதிக ஏற்றுமதிக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். வருடம் முழுக்க ஒரு லாட்கூடத் திரும்பி வராத பட்டறையில் மெஷின் செட்டிங் போடும் செட்டரையும் மேடைக்கு அழைக்கும்படி அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதும் அக்கா,
அம்பத்தூர், சென்னை.